கை முளைக்காத நண்டு

ஹமீதா பானுவுக்கு நீச்சல் தெரியாது. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்த காலத்தில்கூட முழங்காலுக்கு மேல் அவள் கடலில் இறங்கியதில்லை. நண்டுகளை அவள் படித்ததெல்லாம் ஃபார்மலின் பாட்டிலுக்குள்தான். நிறம் போய் வெளுத்து, அவித்த வேர்க்கடலை மாதிரி கிடப்பவை. படிப்பு முடிந்து மன்னார்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சராகச் சேர்ந்தாள். அந்த வருஷமே கூத்தாநல்லூர் காதர் மைதீனுக்கு வாழ்க்கைப்பட்டாள்.

காதர் மைதீனுக்கு ஜித்தாவில் வேலை. வெளிநாட்டுக்காரர்களைச் செங்கடலில் முக்குளிக்கக் கூட்டிப் போகும் படகுக் கம்பெனியில் மெக்கானிக். முதலில் என்ஜினோடு சரி. பிறகு முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கப் பழகிவிட்டார். கல்யாண விடுப்பு முடிந்து கிளம்பும்போது, "உனக்கு அங்கேருந்து என்ன வேணும், சொல்லு" என்று கேட்டார். கூத்தாநல்லூரில் வேறு எந்தப் பெண்ணும் கேட்டிருக்க மாட்டாத ஒன்றை அவள் கேட்டாள்.

"பவளப் பாறை இடுக்குல சின்னச் சின்ன நண்டு இருக்கும் மச்சான். உயிரோட எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல. படம் எடுத்து அனுப்புங்க."

அவர் அனுப்பினார். கம்பெனியில் தண்ணீருக்கு அடியில் படம் பிடிக்கும் கேமரா ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அதை இரவல் வாங்கிக்கொண்டு இறங்குவார். ஊருக்கு வருகிற ஆட்கள் கையில் கடுதாசியோடு நாலைந்து படங்கள் வரும். கட்டைவிரல் நகத்தளவு நண்டுகள். கிளைகிளையாகப் பிரிந்த பவளக் கொம்புகளுக்குள் ஆணும் பெண்ணுமாக ஜோடி போட்டுக் குடியிருப்பவை. யாராவது கிட்டே வந்தால் கொடுக்கை விரித்துக்கொண்டு சண்டைக்கு நிற்கும். ஹமீதா பானு பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பாள். கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே ஓட்டின் விளிம்பு எப்படி வெட்டுப்பட்டிருக்கிறது, ஓரத்தில் முள் உண்டா, கொடுக்கின் வெளிப்பக்கம் வழவழப்பா அல்லது பாசி மாதிரி மயிர் படர்ந்திருக்கிறதா, புள்ளிகள் ஓட்டோடு நிற்கின்றனவா காலுக்கும் இறங்குகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இன்ன நண்டு என்று பெயர் கண்டுபிடித்து எழுதுவாள். தெளியவில்லை என்றால், "கொடுக்கை இன்னும் கிட்டப் போய் எடுங்க" என்று எழுதுவாள். அவர் அதே பவளத்தைத் தேடிப் போய் எடுப்பார்.

மற்ற வீடுகளுக்குச் செண்ட் பாட்டிலும் கம்பளியும் வந்தபோது அவள் வீட்டுக்கு நண்டு வந்தது. அவளுக்கு அதில் குறையில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கண்ணில் படுகிற புருஷனோடு பேச அவளுக்கென்று ஒரு பேச்சு இருந்தது. குறை என்றால் அது மாமியார் கமருன்னிஸாவுக்குத்தான். பேரப்பிள்ளை இல்லாத குறை. அதை அவர் மருமகளிடம் நேராகச் சொன்னதில்லை. தொழுகை முடிந்து கையேந்தும்போது மட்டும், அடுத்த அறைக்குக் கேட்கிற அளவுக்குக் குரல் உயரும்.

அந்த வருஷங்களில் காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருவதே பெரும்பாடாக இருந்தது. முத்துப்பேட்டைப் பக்கம் காய்ந்து கிடந்த வயல்களை மெட்ராஸ்காரர்கள் கிடைத்த விலைக்கு வாங்கி, கரை போட்டு, கடல் காயலிலிருந்து உப்புத்தண்ணீரை மோட்டாரில் ஏற்றி இறால் வளர்த்தார்கள். அரசாங்கமும் மானியம் கொடுத்தது. சுவர்களில் ஆளுங்கட்சிக் கொடி நிறத்தில் இறால் படம் வரைந்திருந்தார்கள். பண்ணைக்குப் பக்கத்து வயல்களில் நாற்று பழுத்தது, கிணறு கரித்தது. பண்ணைக் கரையை ஊர்க்காரர்கள் வெட்டினார்கள் என்று வழக்கு, மறியல், தடியடி. ஹமீதா பானுவின் வகுப்பில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படித்தார்கள். அவர்கள் பாட்டிலில் கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தவள், விவசாயச் சங்கத்தார் கேட்டுக்கொண்டபோது மன்னார்குடித் தேரடியில் மேடையேறினாள். உப்பு மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது, இறங்கினால் எத்தனை மழைக்கு வெளியேறாது என்று பேசினாள். அதைப் புருஷனுக்குப் பெருமையாக எழுதினாள். அவர் பதிலில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நண்டைப் பற்றித்தான் இருந்தது.

மறுவருஷம் ஆடி மாதம் சேக் தாவூது ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் காதர் மைதீனுக்குப் பெரியம்மா மகன், டிராவல்ஸ் தொழில் செய்பவர். மெட்ராஸ் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்களிடம் கடுதாசிகளை வாங்கிவந்து வீடுவீடாகக் கொடுப்பார்.

"போன வெள்ளிக்கிழமை எடுத்தது" என்று எழுதி ஒரே ஒரு படம் இருந்தது. வெளிர் ரோஜா நிற ஓட்டில் சிவப்புப் புள்ளிகள் தெளித்த நண்டு. இடது கொடுக்கு அடியோடு இல்லை. பெயரை அவள் உடனே சொல்லிவிட்டாள். பிறகு பூதக்கண்ணாடியைக் கீழே வைக்காமல் அப்படியே இருந்தாள். அந்தப் புள்ளிகளை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். வலது கண்ணுக்குப் பின்னால் மூன்று புள்ளிகள் ஒட்டிக்கொண்டு ஒரே மச்சம் போலிருக்கும். பீரோவிலிருந்து பழைய படங்களை எடுத்துத் தேடினாள். கிடைத்தது. போன வருஷம் வந்தது. அதே மச்சம், அதே நண்டு. ஆனால் போன வருஷப் படத்தில் இடது கொடுக்கு இருந்தது. வலது கொடுக்கில் பாதியளவு, வெளுப்பாக, புதிதாக முளைத்த கொடுக்கு.

நண்டுக்குக் கை போனால் மறுபடி முளைக்கும். ஓடு கழற்றக் கழற்ற வளரும். முளைத்தது முளைக்காததாக ஆகாது. மறுபடியும் ஒடிந்திருக்கலாமே என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்புறம் பவளத்தைப் பார்த்தாள். போன வருஷப் படத்தில் நண்டுக்கு மேலே இருந்த கொம்பு முறிந்து, முறிந்த இடத்தில் பாசி பிடித்திருந்தது. இப்போது வந்த படத்தில் அதே கொம்பு முழுசாக நின்றது. ஒன்று தற்செயலாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்து தற்செயல் ஆகாது. போன வெள்ளிக்கிழமை எடுத்ததாகச் சொன்ன படம் போன வருஷப் படத்துக்கும் மூத்தது.

ஏன் பழைய படத்தைப் புதிது என்று எழுத வேண்டும்? கைக்கு வந்ததை எடுத்து அனுப்பியிருப்பார், தேதியை மறந்திருப்பார். அவளுக்கு அப்படி நம்ப ஆசையாகத்தான் இருந்தது. வார முடிவில் தொலைபேசி வந்தபோது சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

"அந்தப் புள்ளி நண்டுக்குக் கை முளைச்சிருச்சா மச்சான்?"

"எது? அதுவா. இல்ல, இன்னும் மொட்டையாத்தான் இருக்கு. நேத்துக்கூடப் பாத்தேன்."

"நேத்தா?"

"ஆமா, நேத்துத்தான். பக்கத்துல போனா ஒத்தக் கையை ஆட்டுது."

அந்த நேரம் பார்த்து அவர் குரலுக்குப் பின்னால் ஏதோ வண்டியில் ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போனது. "மாபெரும் பொதுக்கூட்டம், அலைகடலென ஆர்ப்பரித்து வாரீர், வாரீர்."

"அங்க என்ன சத்தம்?"

"ரூம்ல பசங்க வீடியோ கேசட்டு போட்டுருக்கானுவோ. சரி, கார்டு தீரப்போவுது, வச்சிடறேன்."

அன்றிலிருந்து ஹமீதா பானுவின் கண் வேறு மாதிரி ஆகிவிட்டது. இதுவரை பார்த்தும் பார்க்காமல் விட்டதெல்லாம் வரிசையாக வந்து நின்றன. முன்பெல்லாம் கடுதாசி வந்தால் மாமியார் ஓடிவந்து, "என்ன எழுதியிருக்கான், வாசி" என்பார். இப்போது கேட்பதேயில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றித் தாய்க்குத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லையா, அல்லது எல்லாம் தெரியுமா? பத்து நாளைக்கு ஒருமுறை தம்ரூட் இனிப்பும் முறுக்கும் செய்கிறார். வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். மறுநாள் டப்பா காலியாக இருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் சேக் தாவூது ஒரு பையோடு வாசலில் இறங்குவதை அவள் பார்த்தாள்.

"என்ன தாவூதண்ணே, பார்சல் எங்க போவுது?"

அவர் மாமியாரைத் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் பதில் வந்தது. "முத்துப்பேட்டையில ஒரு கல்யாண வீடும்மா. சின்னம்மா குடுத்துவிடறாங்க."

"யாரு வீட்டுக் கல்யாணம்?"

"உனக்குத் தெரியாது. தூரத்து சொந்தம்" என்றார் கமருன்னிஸா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கல்யாண வீடு என்ற சொல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இத்தனை வருஷம் குழந்தை இல்லை. ஊரில் இரண்டு மூன்று வீடுகளில் நடந்ததுதான். முதல் பெண்டாட்டிக்குத் தெரியாமல் வேறு ஊரில் நிக்காஹ் முடித்து, பிள்ளை பிறந்த பிறகு வந்து சொல்வார்கள். சொந்தமெல்லாம் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கும். தெரியாதவள் அவள் ஒருத்தியாக இருப்பாள். மாமியார் பரிமாறிய சோற்றைச் சாப்பிடும்போதெல்லாம், இந்தக் கைதானே அங்கேயும் பலகாரம் செய்து அனுப்புகிறது என்று தோன்றியது. வாய்விட்டுக் கேட்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவார்கள். தன் கண்ணால் பார்க்காமல் ஒரு சொல்லும் விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

அடுத்த முறை வீட்டில் வெல்லப்பாகு வாசனை வந்த மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொன்னாள். அவள் எப்போதும் புடவைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டிதான் போடுவாள். அன்று உடன் வேலை பார்க்கும் சஃபியா டீச்சரிடம் கறுப்புப் புர்காவை இரவல் வாங்கி, முகத்திரையும் போட்டுக்கொண்டு மன்னார்குடி பஸ் நிலையத்தில் நின்றாள். சேக் தாவூது அதே பையோடு முத்துப்பேட்டை பஸ் ஏறினார். அவளும் ஏறிப் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தாள். அவர் ஒருமுறை திரும்பி அவளைப் பார்த்தார். பார்வை அவளைத் தாண்டி ஜன்னலுக்குப் போய்விட்டது.

முத்துப்பேட்டையில் இறங்கி வேறொரு டவுன் பஸ் பிடித்தார். அதிலும் பின்வாசல் வழியாக ஏறினாள். ஆண்டிக்கட்டளை என்ற நிறுத்தத்தில் அவர் இறங்கியதும் யாரோ ஒருவன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் காத்திருந்து ஏற்றிக்கொண்டு போனான். அவள் இறங்கி, வண்டி போன திசையில் நடந்தாள்.

கல்யாணம் நடந்த வீடு எதுவும் அங்கே இருக்கும் என்று தோன்றவில்லை. ஒரு பக்கம் நாற்றங்கால் மஞ்சளாகக் கருகிக் கிடந்தது. வரப்பில் உப்பு, கோலமாவு சிந்தினாற்போல வெள்ளையாகப் பூத்திருந்தது. மறுபக்கம் ஆளுயரக் கரை. கரைக்கு அந்தப்புறம் மோட்டார் ஓடும் சத்தம். அவளுக்கு அந்த இடம் தெரியும். மேடையில் அவள் பேசியது இந்த மாதிரி இடத்தைப் பற்றித்தான்.

வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் வழியை மறித்தாள். ஒல்லியான, கறுத்த பெண். இடுப்பில் குடம்.

"யாரும்மா நீங்க? நிலம் பேச வந்தீங்களா?"

"இல்லக்கா."

"கம்பெனிக்கு வந்தீங்களா? ஒத்தையில ஒரு பொம்பள இந்தப் பக்கம் வர மாட்டாங்களே."

"போன மாசம் இப்படித்தான் ஒருத்தன் மாடு வாங்க வந்தேன்னான்" என்றாள் இன்னொருத்தி. "மறுநா போலீசு வந்து நம்ம ஆளுவள அள்ளிக்கிட்டுப் போச்சு. முகத்தத் தொறக்கச் சொல்லு காளியம்மா."

ஹமீதா பானு திரையை விலக்கவில்லை. "ஒரு குடும்பத்தைத் தேடி வந்தேன். வெளியூர்லேருந்து வந்து தங்கியிருக்காங்க. புதுசாக் கல்யாணம் ஆனவங்க" என்றாள்.

காளியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "குடும்பமா? அந்தக் கரைக்கு அப்பால ஈ காக்கா கெடையாது. மோட்டார் கொட்டாயில ஒரு பாய் இருக்காரு, அவ்வளவுதான். அரபு நாட்டுலேருந்து வந்தவருன்னு சொல்றாங்க. ஒத்தக் காது கேக்காது. ஒண்டியாத்தான் சமைச்சுத் திங்கறாரு."

"ஒண்டியாவா?"

"அதான் சொல்றனே."

வேறு பெண் இல்லை. அவளுக்கு முதலில் வந்தது மூச்சுத்தான். அப்படியே மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். காளியம்மாள் குடத்தைச் சாய்த்து, "குடிங்க. மூணு ஊரு தாண்டிப் போயி எடுத்த தண்ணி. நம்மூரு கெணத்துல வாய் வைக்க முடியாது" என்று கையில் ஊற்றினாள். குடிக்கத் திரையை விலக்க வேண்டியிருந்தது. தண்ணீர் இறங்க இறங்க அடுத்த எண்ணம் வந்து நின்றது. பெண் இல்லை. அப்படியானால் இங்கே என்ன செய்கிறார்?

காளியம்மாள் குடத்தை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். "நீங்க தேரடியில பேசுன டீச்சரில்ல? நாங்க லாரியில வந்து கேட்டோமே." மற்றவர்களிடம் திரும்பி, "நம்ம டீச்சருடி" என்றாள். முகங்கள் இளகின. ஒருத்தி முந்தானையால் மதகுக் கட்டையைத் துடைத்துவிட்டு, நன்றாக உட்காரச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு ரெத்தினம் இப்பத்தான் ஜாமீன்ல வந்துருக்காரு. தெனம் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும், இப்ப அங்கதான் போயிருக்காரு" என்றாள் காளியம்மாள். "கூலிக்காரங்களா இருந்த சனம் டீச்சர். எங்க மாமனாரு கொடி புடிச்சு, அடிபட்டு வாங்குன பட்டா இது. பண்ணையாருகிட்டேருந்து புடுங்குனதை உப்புக்குக் குடுத்துட்டு நிக்கறோம்." பிறகு நினைவு வந்தவளாக நிறுத்தினாள். "அந்த பாய் உங்களுக்கு என்ன வேணும்?"

தெரியாது என்று சொல்லலாம். தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். அந்தச் சொல் மாமியார் வாயிலிருந்து அவள் கேட்டதுதான்.

"என் வீட்டுக்காரர்" என்றாள்.

கட்டையைத் துடைத்துவிட்ட பெண் ஒரு எட்டு பின்னால் போனாள். காளியம்மாள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்தப் பார்வை தனக்குத் தெரிந்த பார்வைதான் என்று ஹமீதா பானுவுக்குப் பட்டது. ஒரு மாதமாக அவளும் தன் வீட்டில் எல்லோரையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இது இப்பத்தான் தெரியும்" என்றாள்.

"தெரியாமயா?"

"நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம் அக்கா. நான் போயிட்டு வந்து பேசறேன்."

கரைமேல் ஏறினாள். குளம் குளமாகக் கலங்கல் தண்ணீர். மோட்டார் கொட்டகை வாசலில் காதர் மைதீன் கைலியோடு குந்தி, பம்ப்பின் ஒரு பாகத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். தாடி நரைத்திருந்தது. சேக் தாவூது பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு குளத்துப் பக்கம் நழுவினார். அவள் இடதுபுறமாக வந்து, மிக அருகில் நின்றாள். காதர் மைதீன் திரும்பவில்லை. அவள் நிழல் கைமேல் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"பானு" என்றார். கையிலிருந்த பாகத்தைக் கீழே வைத்தார். பிறகு, "யாரு சொன்னா?" என்று கேட்டார்.

அவள் கைப்பையிலிருந்து இரண்டு படங்களையும் எடுத்து நீட்டினாள். கிரீஸ் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். மாறி மாறிப் பார்த்தார்.

"இதை நான் கவனிக்கல" என்றார். "அனுப்பாம கெடந்த படம் ஒரு கட்டு இருந்துச்சு. அதுலேருந்து ஒண்ணு ஒண்ணா... நீ பாப்பேன்னு நெனச்சிருக்கணும்."

"எப்ப வந்தீங்க?"

"நோம்புக்கு முன்னால. சளி புடிச்சிருந்தப்ப ஆழத்துல இறங்கிட்டேன் பானு. இடது காதுல சவ்வு கிழிஞ்சு போச்சு. முக்குளிக்கவும் முடியாது, என்ஜின் சத்தமும் பாதிதான் கேக்கும். கம்பெனியில கணக்கு முடிச்சு அனுப்பிட்டான்."

"வீட்டுக்கு வர்றதுக்கு என்ன?"

அவர் குளத்தைக் காட்டினார். "இதுதான். அதுக்கு முன்னாடியே தாவூதண்ணன் மூலமா இந்த நிலத்தை வாங்கிட்டேன். மெட்ராஸ்காரங்களோட கூட்டு. சம்பாதிச்சது பூரா இதுலதான் கெடக்கு. கிரயம் முடிஞ்ச கையோட உன் கடுதாசி வருது, மேடையேறிப் பேசுனேன்னு. நீ பேசுனது என்னையத்தான். நான் என்ன பதில் எழுத?"

"உண்மையை எழுதியிருக்கலாம்."

"எழுத உக்காந்தேன். ரெண்டு மூணு தடவ. நண்டைப் பத்தித்தான் எழுத வந்துச்சு."

"மாமிக்கு மட்டும் சொல்ல வந்துச்சா?"

"அம்மாகிட்ட மறைக்க முடியல."

"என்கிட்ட முடிஞ்சுது."

படங்களைத் திருப்பிக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். இந்த மனிதர் அவளிடம் எத்தனை வெள்ளிக்கிழமைகளைக் கற்பனை செய்து சொல்லியிருக்கிறார்? ஒத்தைக் கையை ஆட்டுகிறது என்றாரே, அதை எங்கே உட்கார்ந்து யோசித்தார்? காது கதையும் அப்படி யோசித்ததுதானோ? அவர் மறுபடி பம்ப்பை எடுக்கக் குனிந்தபோது, அவள் அவருடைய இடது காதுக்கருகில் குனிந்து, மூச்சளவு குரலில், "நீங்க சொல்றது பொய்" என்றாள். அவர் அசையவில்லை. மரையைத் திருகிக்கொண்டிருந்தார். கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருக்கிறாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வலதுபுறம் வந்து நின்று சொன்னாள். "மோட்டாரை நிறுத்துங்க மச்சான். சம்பா நாத்து விடற நேரம். அவங்க வயலைப் பாத்தீங்களா?"

"என் கையில மட்டும் இல்ல பானு. கூட்டாளிங்க இருக்காங்க. ஒரு அறுவடை எடுத்துட்டா வித்துட்டு வந்துருவேன்."

"அதையாவது நம்பட்டுமா?"

"நம்பு."

அவள் இறங்கி வந்தாள். மதகடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். என்ன நடந்தது என்று காளியம்மாள் கேட்கவில்லை. "அவர் நிறுத்த மாட்டாரு" என்று ஹமீதா பானுவே சொன்னாள். "அடுத்த மாசம் கலெக்டர் ஆபீஸ்ல பண்ணை விசாரணை இருக்குன்னு சங்கத்துல சொன்னாங்க. நான் வர்றேன்."

"புருசனுக்கு எதிரா வருவீங்களாக்கும்" என்றாள் ஒருத்தி.

"வரும்போது பாத்துக்குங்க."

வீட்டுக்கு வந்து புர்காவைக் கழற்றிக் கொடியில் போட்டாள். கமருன்னிஸா அந்தக் கறுப்புத் துணியையும் மருமகளின் காலில் ஒட்டியிருந்த உப்புச் சேற்றையும் பார்த்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். "அவன் தன் தலையில என் கைய வச்சு சத்தியம் வாங்கிட்டான்மா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு" என்றார்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா மாமி? அவருக்கு வேற நிக்காஹ் முடிச்சு வச்சிட்டீங்கன்னு."

கமருன்னிஸா நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே புண்பட்ட பார்வை. "நான் துஆ கேட்டேன். உன் வயித்துல கேட்டேன். வேற ஒருத்தி வயித்துல கேக்கல" என்றார்.

விசாரணை நாளன்று அறையின் ஒரு பக்கம் பண்ணைக்காரர்களும் அவர்களுடைய வக்கீல்களும், மறுபக்கம் ஊர்க்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். காதர் மைதீன் பண்ணைக்காரர்கள் வரிசையில் இருந்தார். ஹமீதா பானுவின் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, எந்தெந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு, எந்தப் பண்ணையின் கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆண்டிக்கட்டளைப் பண்ணை வந்தது. அதையும் அதே குரலில் சொன்னாள். வக்கீல் எழுந்து, "இந்தப் பண்ணையில பங்குள்ள காதர் மைதீன் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். குடும்பச் சண்டை என்று நிரூபிக்கப் பார்க்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"கணவர்" என்றாள். "அவர் குளத்துலேருந்து உப்பு கசியாதுன்னு அவரே எழுந்து சொன்னா, நான் சொன்னதை அழிச்சிக்கங்க."

எல்லோரும் காதர் மைதீனைப் பார்த்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு வருவதற்குள் நோய் வந்துவிட்டது. ஐப்பசி மழையில் இறால்களின் ஓட்டில் வெள்ளைப் புள்ளி விழுந்து, குளம் குளமாகச் செத்து மிதந்தது. மெட்ராஸ்காரர்கள் ஒரே வாரத்தில் மோட்டார்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காதர் மைதீன் ஒரு நண்பகலில் சூட்கேஸோடு கூத்தாநல்லூர் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் தாய் அழுதார். ஹமீதா பானு சோறு போட்டாள். மறுவாரமே அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்க் காது டாக்டரிடம் காட்டினாள். சவ்வு கிழிந்திருப்பது உண்மைதான் என்றார் டாக்டர். அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆனால் மறுநாள் அவர் கடைத்தெருவுக்குப் போய்வருகிறேன் என்றபோது, அவர் தெருமுனை திரும்பும் வரை ஜன்னலில் நின்று பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

கார்த்திகையில் காளியம்மாளும் அவள் புருஷன் ரெத்தினமும் வீட்டுக்கு வந்தார்கள். ரெத்தினம் வாசலிலேயே நின்றுகொண்டார். காளியம்மாள்தான் பேசினாள். "குளத்துக் கரையை வெட்டிவிடணும் பாய். மழைத்தண்ணி ஏறி எறங்குனாத்தான் உப்பு போவும். நாங்க வெட்டுனா மறுபடி கேசு. நிலம் உங்க பேருல இருக்கு. நீங்க வெட்டுங்க."

"வெட்டிடறேன்" என்றார் காதர் மைதீன். "வர்ற திங்கக்கிழமை ஆளு கூட்டிக்கிட்டு வந்து வெட்டிடறேன்."

ரெத்தினம் முதல்முறையாக வாயைத் திறந்தார். "நம்பலாமா?"

காதர் மைதீன் பதில் சொல்லுமுன் ஹமீதா பானு, "நானும் வர்றேன்" என்றாள்.

திங்கட்கிழமை தூறலாக இருந்தது. நாலு ஆட்கள் மண்வெட்டியோடு கரையில் ஏறினார்கள். காதர் மைதீன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் ஒரு மண்வெட்டியை வாங்கினார். மண் இறுகிப் போயிருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் நிமிர்ந்து மூச்சு வாங்கினார். ரெத்தினம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வந்து எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கினார்.

உச்சிப்பொழுது தாண்டியும் வெட்டு பாதிதான் இறங்கியிருந்தது. மழை வலுத்தது. காளியம்மாள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"நீங்க பஸ்ஸுக்குப் போங்க டீச்சர். நனையறீங்க. ரெண்டு பேரும் வெட்டிடுவாங்க. நாங்க பாத்துக்கறோம்."

"இல்லக்கா" என்றாள் ஹமீதா பானு. "தண்ணி வெளிய போறதைப் பாத்துட்டே வர்றேன்."

காளியம்மாள் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சாக்கின் மறுபாதியை விரித்து அவள் தலைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவளும் கரையிலேயே நின்றாள்.